டைசன் அணியில் பேசப் போகிறீர்களா?

கேள்வி: எங்கள் குத்துச்சண்டைக் கூடத்தில் பயிற்சி முடிந்தாலே ஒரே வாக்குவாதம்தான். உச்சத்தில் இருந்த முகமது அலியும் உச்சத்தில் இருந்த மைக் டைசனும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்? மாஸ்டர் இதையே அடுத்த மாதம் பட்டிமன்றமாக வைத்துவிட்டார். எனக்கு டைசன் அணி. கூடத்தில் முக்கால்வாசிப் பேர் அலி ரசிகர்கள். மானம் போகாமல் எதை வைத்துப் பேசுவது? (வியாசர்பாடி வாசகர் ஒருவர்)

பதில்: மேடை ஏறுவதற்கு முன்பே ஒரு காரியம் செய்யுங்கள். இரண்டு அணியும் உட்கார்ந்து, எந்த ஆண்டு அலி, எந்த ஆண்டு டைசன் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அலி அணி இதற்குச் சுலபத்தில் ஒத்துக்கொள்ளாது. அவர்களுடைய பலமே தேதி போடாமல் பேசுவதில்தான் இருக்கிறது.

அலியின் கால்கள் மிக வேகமாக இருந்தது 1966, 67-இல். ஏப்ரல் 1967-இல் ராணுவத்தில் சேர மறுத்தார், உலகச் சாம்பியன் பட்டம் பறிபோனது, மூன்றரை ஆண்டுகள் வளையத்துக்கு வெளியே இருந்தார். 1970 அக்டோபரில் திரும்பி வந்தவர் வேறு அலி. அந்த அலிதான் 1974-இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்துகொண்டு ஜார்ஜ் ஃபோர்மேனின் குத்துகளை வாங்கி, எட்டாவது ரவுண்டில் அவரை வீழ்த்தியவர். உங்கள் எதிரணி என்ன செய்யும் தெரியுமா? 1966-இன் கால்களையும் 1974-இன் தாங்கும் சக்தியையும் ஒரே உடம்பில் ஒட்டிக் கொண்டுவரும். அப்படி ஒரு ஆள் எந்த நாளிலும் வளையத்தில் ஏறியதில்லை. ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டும் கிடையாது என்று சொல்லிவிடுங்கள். (1980-இல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் அலி காட்சிப் போட்டி ஆடியதைப் பார்த்த பெரியவர்கள் உங்கள் பகுதியிலேயே இருக்கலாம். அப்போது அவருக்கு 38 வயது. அந்த நினைவைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம்.)

உங்கள் ஆளுக்கும் இதே கறார் வேண்டும். டைசனின் உச்சம் நவம்பர் 1986-இல் டிரெவர் பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டில் சாய்த்ததிலிருந்து ஜூன் 1988-இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 நொடியில் முடித்தது வரை. அந்த ஆண்டிலேயே பயிற்சியாளர் கெவின் ரூனியைப் பிரிந்தார். அதற்கப்புறம் தலை அசைவு குறைந்தது, ஒற்றைக் குத்தில் முடிக்கப் பார்த்தார்.

அப்புறம் விதிகள். 15 ரவுண்டா, 12 ரவுண்டா? அலி காலத்துப் பட்டப் போட்டிகள் 15. டைசன் உச்சத்துக்கு வந்தபோது 12-க்கு மாறிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் 12 கேளுங்கள். அதைவிட முக்கியம் நடுவர். நெருங்கி வருபவரின் பின்கழுத்தைக் கையால் பிடித்து அழுத்துவது அலியின் பழக்கம். 1974 ஜனவரியில் ஜோ ஃபிரேசியருடன் நடந்த இரண்டாவது போட்டியில் அதைக் கண்கூடாகப் பார்க்கலாம். கண்டிப்பான நடுவர் என்று எழுதி வாங்கிவிட்டால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

எதைப் பேசக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பிங்க்ஸ் வீடியோவைப் போட்டுக் காட்டாதீர்கள். அவர் லைட் ஹெவிவெயிட்டிலிருந்து (கீழ் எடைப்பிரிவு) ஏறி வந்தவர், மணி அடிக்கும் முன்பே முகத்தில் பயம் தெரியும். எதிரணி அலியின் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸ் போட்டியைப் போட்டால் (நவம்பர் 1966, ஹூஸ்டன், மூன்றாவது ரவுண்டில் முடிந்தது) உங்களுக்கும் பதில் இருக்கிறது: 1964-இல் போலீஸ்காரர் சுட்டதில் சிறுநீரகம் ஒன்றை இழந்து திரும்பி வந்தவர் வில்லியம்ஸ். இரண்டு பேருடைய மிக அழகான வீடியோவும் சாட்சியாக நிற்காது.

அடுத்தது லாரி ஹோம்ஸ் கணக்கு. ஹோம்ஸ் 1980-இல் அலியை ஜெயித்தார், டைசன் 1988-இல் ஹோம்ஸை நான்காவது ரவுண்டில் சாய்த்தார், ஆகவே டைசன் பெரியவர் என்று உங்கள் அணியில் ஒருவர் கட்டாயம் கிளம்புவார். பிடித்து உட்கார வையுங்கள். ஹோம்ஸிடம் தோற்றபோது அலிக்கு 38 வயது. டைசனிடம் தோற்றபோது ஹோம்ஸுக்கும் 38. தவிர, இந்தச் சங்கிலிக் கணக்கே பொய். கென் நார்ட்டன் 1973-இல் அலியைத் தோற்கடித்தார், நார்ட்டனை ஃபோர்மேன் இரண்டே ரவுண்டில் முடித்தார், அந்த ஃபோர்மேனை அலி வீழ்த்தினார். வட்டமாகத்தான் சுற்றும்.

சரி, எதை வைத்துப் பேசுவது? எதிராளியைப் போலவே ஆடியவர்களோடு உங்கள் ஆள் எப்படி ஆடினார் என்பதை வைத்து. அலியைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கீழே விழவைத்தவை மூன்று குத்துகள்: 1962-இல் சோனி பேங்க்ஸ், 1963-இல் வெம்ப்ளியில் ஹென்றி கூப்பர், 1971-இல் ஜோ ஃபிரேசியர். மூன்றும் இடது ஹுக். தற்செயல் இல்லை. அலி கார்டை (முகத்தைக் காக்கும் கைகளை) தாழ்த்தி, குத்து வரும்போது தலையை நேராகப் பின்னால் இழுப்பார். நேர்க்குத்துக்கு அது போதும். வளைந்து வரும் ஹுக், பின்னால் போகும் தாடையைத் துரத்திப் பிடிக்கும். கூப்பரின் எடை சுமார் 84 கிலோ. சுமார் 100 கிலோ டைசனின் இடது ஹுக் பெர்பிக்கை எழுந்து எழுந்து விழவைத்தது. உங்கள் வாதத்தின் முதுகெலும்பு இதுதான்.

டைசனை வெறும் முரடராகக் காட்டாதீர்கள். 5 அடி 10 அங்குலம் உயரம், 71 அங்குல ரீச் (கைவீச்சு). அலிக்கு 6 அடி 3, ரீச் 78. ஏழு அங்குலக் குறைவோடு உள்ளே நுழையத்தான் பயிற்சியாளர் கஸ் டி'அமாட்டோ அவருக்குப் பீக்-எ-பூ பாணியைச் சொல்லிக்கொடுத்தார்: இரண்டு கையும் கன்னத்தில், தலை ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும், ஜாபை (முன்கையால் போடும் நேர்க்குத்தை) தவிர்த்த அதே அசைவில் எதிர்க்குத்து கிளம்பும். விலா எலும்பில் வலது கை, உடனே அதே கையில் அப்பர்கட் (கீழிருந்து மேலே போகும் குத்து). அலியோ உடம்பில் அதிகம் அடிக்காதவர். டைசனுக்கு மூச்சு வாங்க வைக்க அவரிடம் பெரிய கருவி இல்லை என்று வாதாடலாம்.

எதிரணியின் பலமான அடி வேறு இடத்திலிருந்து வரும். பஸ்டர் டக்ளஸிடம் 1990-இல் டோக்கியோவில் தோற்றதைச் சொன்னால், அது உச்சம் இல்லை, தேதி முன்பே பேசியாயிற்று என்று தள்ளிவிடலாம். ஆனால் 1986-இல் ஜேம்ஸ் டில்லிஸ் நகர்ந்துகொண்டே இருந்து பத்து ரவுண்டும் தாக்குப்பிடித்தார். 1987-இல் போன்கிரஷர் ஸ்மித், நடுவர் புள்ளி குறைத்தும் விடாமல் கட்டிப்பிடித்தே 12 ரவுண்டை ஓட்டினார். அதே ஆண்டு உயரமான டோனி டக்கரும் 12 ரவுண்டு நின்றார். நகர்கிற, ஜாப் போடுகிற, பிடித்துக்கொள்கிற ஆளை டைசனால் முடிக்க முடியவில்லை. மூன்றையும் இவர்களைவிட நன்றாகச் செய்தவர் அலி. இதற்கு உங்களிடம் இருக்கும் பதில் ஒன்றுதான்: அந்த மூன்று போட்டியிலும் ஜெயித்தது டைசன். பிழைக்க ஓடியவர் புள்ளியில் தோற்றார். அலி ஜெயிக்க வேண்டுமானால் நின்று அடிக்க வேண்டும், அடிக்க நின்றால் ஹுக் தூரத்துக்குள் வர வேண்டும்.

விவரம் தெரிந்தவர் ஒருவர் எதிரணியில் இருந்தால் ஃபிளாய்ட் பேட்டர்சனைக் கொண்டுவருவார். அதே டி'அமாட்டோவிடம், அதே பாணியில் வளர்ந்தவர். 1965 நவம்பரில் லாஸ் வேகாஸில் அலி அவரை 12-வது ரவுண்டு வரை வதைத்து முடித்தார். பேட்டர்சனுக்கு அன்று முதுகு வலி, உடம்பும் சிறியது என்று மறுக்கலாம். முழுசாக மறுக்க முடியாது.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிடலாமே என்று யாராவது சொன்னால் சிரித்துவிடுங்கள். 1967-இல் ஒரு வானொலிப் போட்டியில் கம்ப்யூட்டர், பழைய சாம்பியன் ஜிம் ஜெஃப்ரீஸிடம் அலி தோற்றதாகச் சொல்ல, அலி வழக்குப் போட்டார். பிறகு அவரும் இன்னொரு பழைய சாம்பியன் ராக்கி மார்சியானோவும் அப்படியொரு கம்ப்யூட்டர் மோதலை நடித்துப் படமாக்கி, 1970 ஜனவரியில் திரையரங்குகளில் ஓட்டினார்கள். அமெரிக்காவில் மார்சியானோ 13-வது ரவுண்டில் ஜெயித்தார். பிரிட்டனில் அலி ஜெயித்தார்.

என் கணிப்பைக் கேட்டால், 1967 அலிதான். பத்தாவது ரவுண்டுக்கு மேல் நிறுத்தியோ, புள்ளியிலோ. ஆனால் முதல் நான்கு ரவுண்டுக்குள் அலி ஒரு முறையாவது கீழே விழுந்திருப்பார் என்று நினைக்கிறேன். விழுந்தவர் எழுந்ததும் டைசன் என்ன செய்திருப்பார் என்பதில்தான் உங்கள் கட்சியே இருக்கிறது. கூப்பர் அடித்தபோது ரவுண்டு முடியும் நேரம், மணி அடித்து அலியைக் காப்பாற்றியது. ஃபிரேசியர் அடித்தது 15-வது ரவுண்டில், அவரும் களைத்திருந்தார். டைசனின் ஹுக் இரண்டாவது ரவுண்டின் நடுவில் விழுந்தால், இன்னும் ஒன்றரை நிமிடம் மிச்சம் இருக்கும். பேச்சின் கடைசி ஐந்து நிமிடத்தை அந்த ஒன்றரை நிமிடத்துக்கு ஒதுக்குங்கள். பெர்பிக் போட்டியை மட்டும் திரையில் ஓட்டுங்கள். 1981 டிசம்பரில் அலியின் கடைசிப் போட்டியில் அவரை ஜெயித்தவரும் இதே பெர்பிக்தான். ஆனால் அந்தத் தகவலை நீங்களாக எடுக்காதீர்கள், அது மறுபடி சங்கிலிக் கணக்காகிவிடும்.