சில்வண்டுக்கு மருந்தா, வலையா?

கேள்வி: அமெரிக்காவில் சின்சினாட்டியை அடுத்த ஊரில் இருக்கும் மகன் வீட்டுக்கு 2025 மே மாதம் போயிருந்தேன். சிவந்த கண்ணுடைய சில்வண்டுகள் ஆயிரக்கணக்கில் மண்ணிலிருந்து ஏறிவந்து மரங்களை மொய்த்தன. ஜூலைக்குள் இரண்டு வயது ஆப்பிள் கன்றின் கிளைநுனிகள் காய்ந்து தொங்கிவிட்டன. அக்கம்பக்கத்தார் இவற்றை ‘லோகஸ்ட்’ என்கிறார்கள். அடுத்த முறை மருந்தடித்துத் தடுக்க முடியுமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: லோகஸ்ட் என்பது வெட்டுக்கிளி, அது இலையைத் தின்னும். சில்வண்டுக்கு மெல்லும் வாயே கிடையாது, மரத்தின் நீர்ச்சாற்றை உறிஞ்சுவதோடு சரி. கன்றைக் கெடுத்தது பெண்வண்டின் முட்டையிடும் ஊசி. காய்ந்த கிளை ஒன்றைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கோணித் தையல் போட்டதுபோல வரிசையாகக் கீறல்களும், அவற்றில் பிதுங்கிய நாரும் தெரியும். ஒரு கீறலில் ஏறத்தாழ 20 முட்டைகளாக, ஒரு பெண்வண்டு 400 முதல் 600 முட்டைகள் வரை இடும். அதற்கு அது நாடுவது பென்சில் பருமனுள்ள கிளைகளை. ஓங்கிய ஓக் மரத்துக்கு இது நுனி கிள்ளியதற்குச் சமம். நான்கு வயதுக்கு உட்பட்ட கன்றுக்கோ கிளைகள் முழுவதும், சில வேளை தண்டுமே, அந்தப் பருமனில்தான் இருக்கும் என்பதால் கன்றே பட்டுப்போகக்கூடும்.

மருந்து வேண்டாம் என்பதே என் கருத்து. காலையில் அடித்துக் கொன்றால் மாலைக்குள் அடுத்த வீட்டு மரத்திலிருந்து அதே அளவு பறந்து வந்துவிடும்; வீணாகச் சாவது தேனீக்கள்தான். கால் அங்குலத்துக்கு மிகாத கண்ணுள்ள வலையைக் கன்றின் மேல் முழுவதும் போர்த்தி, வண்டு கீழிருந்து ஏறாதபடி அடித்தண்டில் இறுகக் கட்டி, சத்தம் ஓயும்வரை ஐந்தாறு வாரம் விட்டுவைப்பதே கைகண்ட வழி. 20 செ.மீ. ஆழத்தில் மண்ணின் வெப்பம் 18 டிகிரி செல்சியஸை எட்டும்போது வண்டுகள் வெளிவரத் தொடங்கும். வலை அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். புதுக்கன்று நடுவதானால் வண்டு வரும் ஆண்டில் வசந்தத்தைத் தவிர்த்து இலையுதிர்காலத்தில் நடலாம். காய்ந்த நுனிகளைக் கீறலுக்குக் கீழே வெட்டிவிட்டு, கோடையில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான கன்றுகள் தழைத்துவிடும்.

ஒரே ஆண்டில் ஒன்றாக மண்ணிலிருந்து வெளிவரும் வண்டுக் கூட்டத்தைக் குழு என்று எண்ணிட்டு அழைப்பார்கள். நீங்கள் பார்த்தது 17 ஆண்டுக்கு ஒருமுறை வரும் பதினான்காம் குழு; அது இனி 2042இல் வரும். அதற்குள் கன்று மரமாகியிருக்கும். ஆனால் சின்சினாட்டி வட்டாரத்தில் 2021இல் வெளிவந்த பத்தாம் குழுவும் உண்டு, அதன் முறை 2038. எந்தக் குழு எந்தத் தெருவில் என்பது இடத்துக்கு இடம் மாறுவதால், 2021இல் அங்கே சத்தம் இருந்ததா என்று பழைய குடித்தனக்காரர்களை மகன் விசாரித்து வைக்கட்டும்.

கேள்வி: எங்கள் மாந்தோப்பில் சில்வண்டுச் சத்தம் காதைத் துளைக்கிறது. மரத்தடியில் நின்றால் தூறல் விழுகிறது, பூவும் கருகி உதிர்கிறது. சில்வண்டுதானே காரணம்?
– ஒரு வாசகர், பெரியகுளம்

பதில்: சில்வண்டும் மரத்திலிருந்து நீரைப் பீச்சும், ஆனால் அது தண்ணீர்போல் உலர்ந்துவிடும். துளி பிசுபிசுத்து, இலைமேல் கரி பூசியதுபோல் படிந்திருந்தால் குற்றவாளி தத்துப்பூச்சி. பூங்கொத்தைத் தட்டிப் பாருங்கள், ஆப்பு வடிவில் சிறு பூச்சிகள் தெறித்து ஓடும். அறுவடை முடிந்ததும் அடர்ந்த உட்கிளைகளைக் கழித்து வெயில் படச் செய்யுங்கள்.