வளவில் ஒரு பேய் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகளுக்காக ஒரு பேய்க்கதை எழுதினேன். மே மாத லீவுக்கு நான்கு பிள்ளைகள் செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கத்தில் இருக்கும் பூர்வீக வீட்டுக்குப் போகிறார்கள். ராத்திரியில் வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், மல்லிகை வாசனை, நாய் ஊளை. கடைசியில் பேயாக வந்தது வீட்டுக் காவல்காரர் என்று தெரிகிறது. வகுப்பில் வாசித்தபோது பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். ஒரு சிறுமி மட்டும் அன்று இரவு தூங்கவே இல்லை என்று அவள் அம்மா வந்து சொன்னார். பேயே இல்லை என்று முடித்தும் ஏன் பயந்தாள்? கதையை இணைத்திருக்கிறேன்.

தங்கள் வாசகி

அன்புள்ள டீச்சர்,

அந்தச் சிறுமி சரியாகத்தான் பயந்திருக்கிறாள். பேய் கதையோடு போய்விடும். வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டு, பிள்ளைகளை மிரட்டுவதற்காக இருட்டில் ஒளிந்து நிற்கும் ஆள் கதையோடு போக மாட்டான், அவள் வீட்டுக்கும் வரலாம். ‘எல்லாம் மனிதன் வேலை’ என்ற முடிவு பெரியவர்களுக்குத்தான் ஆறுதல். உங்கள் கதையில் பேய் பேயாகவே இருக்கட்டும்.

சிரித்தவர்கள் விஷயம் எளிது. புடவை, கொலுசு, மல்லிகை, ஊளை நான்கும் ஒரே பத்தியில் வருகின்றன. நான்கையும் டிவியில் பார்த்துச் சலித்த பிள்ளைகள் அவர்கள். நான்கையும் எடுத்துவிடுங்கள். அந்த வீட்டிலேயே வேண்டிய அளவு சரக்கு இருக்கிறது, நீங்கள் அதைத் தொடவே இல்லை.

முதலில் ஒரு தாளில் வீட்டை வரையுங்கள். உங்கள் கதையில் ஒரு பையன் அடுப்படியிலிருந்து ஓடி நேராக முகப்பில் வந்து விழுகிறான். செட்டிநாட்டு வீட்டில் அது நடக்காது. பின்னால் அடுப்படி இருக்கும் மூன்றாங்கட்டு, அதற்கு முன் பந்தி நடக்கும் இரண்டாங்கட்டு, அப்புறம் வானம் தெரியும் முற்றமான வளவு, அதன் பிறகுதான் முகப்பு, திண்ணை. இந்த வழியைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை அவனை நடக்க வையுங்கள், கையில் ஒரு சொம்புத் தண்ணீரோடு. ஒவ்வொரு நிலைப்படியிலும் காலைத் தூக்கி வைக்க வேண்டும், தண்ணீர் சிந்தக் கூடாது. வீடு வாசிப்பவன் காலுக்குப் பழகிய பிறகுதான் அதில் ஒன்று மாறினால் உறைக்கும். பாட்டி என்றும் எழுதாதீர்கள். அப்பா வழி வீடு, நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பம், எனவே அப்பத்தா.

பூட்டிய அறைக்குக் கொலைக்கதை தேவையில்லை. வளவைச் சுற்றியுள்ள அறைகள் பங்காளிகளுக்குப் பிரிந்திருக்கும், சாவி ஆளுக்கொரு ஊரில் இருக்கும். கல்யாணத்துக்கும் காரியத்துக்கும்தான் திறப்பார்கள். மற்ற பூட்டுகளில் தூசி, ஒரு பூட்டில் மட்டும் தூசி இல்லை என்று எழுதினால் போதும்.

பயத்தை மூன்று படியாக வையுங்கள். முதலில், நடுக்கதவு தானாக அறைந்து சாத்துகிறது. வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் முன்னும் பின்னும் திறந்திருந்தால் காற்று இழுக்கும், அப்பத்தா சொல்லிவிடுவார். இரண்டாவது, செல்போன் டார்ச் அடித்தால் சுவருக்குள் ஒரு மங்கலான உருவம். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுவர், கண்ணாடி மாதிரி காட்டும். அதையும் அப்பத்தா சொல்லிவிடுவார். (டார்ச்சில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று மட்டும் எழுதாதீர்கள். எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள்.) இரண்டு முறை விடை கிடைத்த பிள்ளை மூன்றாவது முறையும் அப்பத்தா முகத்தைப் பார்ப்பான். அங்கே அவர் பேசக் கூடாது.

மூன்றாவதற்கு என் யோசனை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஏழு பேர். இலை போடுவது பையன் வேலை. நுனி இடப்பக்கம் வரும்படி ஏழு இலை போடுகிறான், தெளிக்கத் தண்ணீர் எடுத்து வருகிறான். எட்டு இலை இருக்கிறது. எட்டாவதில் யாரோ ஏற்கெனவே தண்ணீர் தெளித்துத் துடைத்திருக்கிறார்கள். நுனி வலப்பக்கம். இலை போடத் தெரியாத ஒரு சின்னப் பிள்ளை போட்டது. பேய்க்கு வயது என்ன, அதற்கு என்ன வேண்டும் என்பதெல்லாம் அந்த நுனியிலேயே வந்துவிடும். சாவு, இரத்தம் எதுவும் வேண்டாம். மறுநாள் அப்பத்தா, “எட்டு இலை போடுப்பா” என்று மட்டும் சொல்லட்டும்.

மொழியில் இரண்டு திருத்தம். ‘திடீரென்று’ 14 இடத்தில் வருகிறது, அத்தனையையும் அடியுங்கள். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ‘பயங்கரமான சத்தத்துடன் கதவு மூடியது’ என்பதில் சத்தம் முதலிலேயே கேட்டுவிடுகிறது. ‘கதவு, யாரும் தொடாமல், மெதுவாக, சாத்திக்கொண்டது’ என்றால் கடைசிச் சொல் வரை காத்திருக்க வேண்டும். 1,800 சொல்லை 1,200 ஆக்குங்கள். கதவு முதல் 300 சொல்லுக்குள் சாத்திவிட வேண்டும்.

தலைப்பு ‘பேய் பங்களா’ வேண்டாம், அது பங்களாவே இல்லை. ‘எட்டாவது இலை’ என்றும் வைத்துவிடாதீர்கள். பையன் ஏழு எண்ணும்போதே வகுப்பில் யாராவது எட்டு என்று கத்திவிடுவார்கள்.