டூரிஸ்டா போய் வேலைக்கு சேந்துக்கலாம்னு மாமா சொல்றாரா? அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இத படிங்க

போன வாரம் புதுக்கோட்டை பக்கத்துலேர்ந்து ஒரு குடும்பம் எங்கிட்ட யோசனை கேட்டு வந்திருந்தாங்க. பையன் மெக்கானிக்கல் டிப்ளமோ இந்த வருஷம்தான் முடிச்சிருக்கான். மலேசியால இருக்கிற தாய்மாமா "இப்பதான் நமக்கு விசாவே வேணாமே, டிக்கெட்ட போட்டு அனுப்பிவிடுங்க, பரோட்டா கடைல வேலை இருக்கு, வந்தப்புறம் பெர்மிட் அடிச்சுக்கலாம்"னு சொல்லிட்டாராம், ஏஜெண்ட் ஒண்ணரை லட்சம் கேக்குறான், அம்மா செயின அடகு வைக்க ரெடியா இருக்காங்க. பயப்படாதீங்கம்மா, உக்காருங்கன்னுதான் ஆரம்பிச்சேன், ஆனா நாளைக்கே அட்வான்ஸ் குடுக்கணும்னு சொன்னதும் ஆறுதல் சொல்றத நிறுத்திட்டேன்.

அண்ணே, உங்க மச்சான் சொன்னதுல பாதிதான் உண்மை. 2023 டிசம்பர் 1லேர்ந்து இந்தியாக்காரங்க 30 நாள் வரைக்கும் விசா இல்லாம மலேசியா போலாம், சரி, ஆனா அது சுத்திப் பாக்கவும் சொந்தக்காரங்கள பாக்கவும்தான். விசாவுக்கு பதிலா உள்ள நுழையும்போது தர்ற அந்த விசிட் பாஸ்ல போயிட்டு முதல் நாளே கடையில நின்னாலும் தப்பு தப்புதான், 1,000 ரிங்கிட் வரைக்கும் அபராதம், 6 மாசம் வரைக்கும் ஜெயில்னு இருக்கு. 30 நாள் தாண்டி தங்கிட்டா குடியேற்ற சட்டத்தோட 15வது பிரிவு வந்துடும், குறைஞ்சது 10,000 ரிங்கிட் அபராதம், இல்லன்னா 5 வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேத்தும் போடலாம். அந்த 'குறைஞ்சது'ங்கிற வார்த்தைய கவனிங்க. நம்ம காசுக்கு ரெண்டு லட்சத்த ஒட்டி வரும், ஏஜெண்டுக்கு குடுத்தத விட அதிகம்.

வேலைக்கு வச்ச முதலாளிக்கும் ஒரு ஆளுக்கு 10,000லேர்ந்து 50,000 ரிங்கிட் வரைக்கும் அபராதம் உண்டு, அதனாலதான் இப்படி போன பசங்கள கடைக்கு முன்னாடி நிக்க விட மாட்டாங்க, பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டு பின்னாடி கிச்சன்லயே போட்டுடுவாங்க, சம்பளம் தரலன்னா பையன் எந்த ஆபீஸ் வாசல்ல போய் நிப்பான், போனா முதல்ல அவனைத்தானே பிடிப்பாங்க? 'பொது மன்னிப்பு வரும்'னு ஒரு பேச்சு வேற. 2024 மார்ச்ல ஆரம்பிச்ச திட்டத்துல 500 ரிங்கிட் கட்ட வச்சு ஊருக்கு அனுப்பினாங்க, அவ்வளவுதான், அங்கயே வேலை பாக்க விடல.

முறையா வேலைக்கு போறதுக்கான காலிங் விசான்னா முதலாளி அங்க அப்ளை பண்ணி, அப்ரூவல் வந்து, விசா அடிச்சு, அதுக்கப்புறம்தான் ஃப்ளைட். இந்த வரிசை தலைகீழா இருந்தா ஒரு ரூபா கூட குடுக்காதீங்க.

சரி, இங்கயே என்ன வழி இருக்குன்னு பாப்போம். பி.இ. ரெண்டாவது வருஷம் சேர்றது, கேம்பஸ் இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடறேன். யாருமே கேக்காத ஒண்ணு இருக்கு, டிப்ளமோ அப்ரெண்டிஸ்ஷிப். 1961 அப்ரெண்டிஸ் சட்டப்படி நடக்குது, நாட்ஸ்னு (NATS) மத்திய அரசு போர்ட்டல், தென் மாநிலங்களுக்கான ஆபீஸ் சென்னை தரமணில இருக்கு. பதிய காசு கிடையாது. ஒரு வருஷம் ட்ரெய்னிங், மாசம் 8,000 ரூபாய்க்கு குறையாம உதவித்தொகை, குறைஞ்சபட்ச தொகைல பாதிய அரசே ஏத்துக்குது. நெய்வேலி என்எல்சி, அரசு போக்குவரத்துக் கழகங்கள், ஆவடில இருக்கிற ராணுவ வண்டி ஆராய்ச்சி நிலையம் சிவிஆர்டிஇ எல்லாம் இந்த வழியா டிப்ளமோ பசங்கள எடுக்கறாங்க, பெரும்பாலும் மார்க்க பாத்துதான் கூப்பிடுவாங்க. நிறைய தனியார் கம்பெனியும் அதே போர்ட்டல்ல இடம் போடறாங்க. முடிச்சா மத்திய அரசு சர்டிபிகேட், அத எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச்லயும் பதியலாம். அங்கயே வேலை போட்டுத் தருவாங்கன்னு உறுதி கிடையாது, அத மறைக்க மாட்டேன், ஆனா ஒரு வருஷம் நிஜ மெஷின்ல கை வச்ச பையனும் வைக்காத பையனும் இண்டர்வியூல ஒண்ணா தெரிய மாட்டாங்க.

முக்கியமா ஒண்ணு, இது எப்ப வேணா கிடைக்கிறது இல்ல. எந்தெந்த வருஷம் பாஸ் பண்ணவங்க வரலாம்னு நோட்டிபிகேஷன்லயே போட்டிருப்பாங்க, ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ வேலை பாத்த அனுபவம் இருந்தா தகுதி இல்லன்னும் இருக்கும். ரெண்டு மூணு வருஷம் மலேசியால ஒளிஞ்சு இருந்துட்டு திரும்பி வந்தா இந்த கதவும் சாத்திடும்.

8,000ம் ஒரு சம்பளமான்னு அப்பா கேட்டாரு. அண்ணே, ஒண்ணரை லட்சம் கடனுக்கு வட்டி கட்டிக்கிட்டு வாங்கற சம்பளத்தோட இத வச்சுப் பாக்காதீங்க, இதுக்கு நீங்க செயின வைக்க வேண்டியதில்ல.

பையன் அதுவரைக்கும் வாயே திறக்கல. உனக்கு என்னடா தம்பி பிடிக்கும்னு கேட்டேன், போன எடுத்து காலேஜ் ஒர்க்‌ஷாப் லேத்துல அவன் கடைஞ்ச ஷாஃப்ட் போட்டோவ காட்டினான், த்ரெட் அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. "பரோட்டா கடைக்கு போறதுக்கா சார் இத கத்துக்கிட்டேன்"னான். அம்மா அந்த போட்டோவ இப்பதான் முதல் தடவ பாக்கறாங்க.

மாமா கோவிச்சுக்குவார்தான். பேச வேண்டியது நீங்கதான் அண்ணே, அவன பேச விட்டு ஒதுங்கிக்காதீங்க. தம்பி, திங்கக்கிழமை மார்க் ஷீட், ஆதார், பேங்க் பாஸ்புக் மூணையும் எடுத்துட்டு வா, இங்க உக்காந்தே பதிஞ்சிடலாம்.