இரத்தமும் எலெக்ட்ரோடும்: கேள்வி பதில்

கேள்வி (பாயான் லெப்பாஸ்): அக்கா, கிளாஸி கார்பன் எலெக்ட்ரோட்ல சீரத்த (இரத்தத் தெளிநீர்) அப்படியே விட்டு யூரிக் அமிலம் பாக்குறேன். ஒவ்வொரு தடவை அளக்கும்போதும் மின்னோட்ட உச்சி குறையுது.

பதில்: புரதம் ஒட்டிக்கொள்கிறது. பிஎச் 7.4 பாஸ்பேட் பஃபரில் 50 மடங்கு நீர்த்துவிடுங்கள். சீரத்தில் யூரிக் அமிலம் 200 முதல் 400 மைக்ரோமோலார் இருக்கும். நீர்த்த பிறகும் 4 முதல் 8 மிஞ்சும், டிஃபரன்ஷியல் பல்ஸ் என்ற நுண்ணளவு முறைக்கு அது தாராளம். ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னால் எலெக்ட்ரோடை 0.05 மைக்ரான் அலுமினாப் பொடியில் எட்டு வடிவம் போட்டுத் தேய்த்து, வாலைநீரில் சோனிகேட் (ஒலியலையால் கழுவுதல்) செய்யுங்கள். பிறகு, சுத்தமாகிவிட்டதா என்று அறிய, 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடில் 1 மில்லிமோலார் ஃபெர்ரிசயனைடு ஓட்டிப் பாருங்கள். போகும்போதும் திரும்பும்போதும் வரும் இரண்டு உச்சிகளின் இடைவெளி 60 முதல் 80 மில்லிவோல்ட் என்றால் சரி. 120 வந்தால் மாதிரியைத் தொடவே வேண்டாம், திரும்பத் தேயுங்கள். செறிவைக் கணக்கிடும் அளவுக்கோட்டையும் வெறும் பஃபரில் போடாதீர்கள். அதே சீரத்தில் தெரிந்த அளவு யூரிக் அமிலத்தைச் சேர்த்துச் சேர்த்து அளக்கும் ஸ்டாண்டர்ட் அடிஷன்தான் சரி.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ்): வீட்டு மீட்டர்ல அம்மாவுக்கு சர்க்கரை 14 மில்லிமோல் காட்டுச்சு, கொஞ்ச நேரத்துல 7.

பதில்: டுரியான் உரித்த கையா? விரலில் ஒட்டிய சர்க்கரையையும் ஸ்ட்ரிப் சேர்த்தே எண்ணும். ஆல்கஹால் பஞ்சு போதாது; சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைக்கவும் கூடாது.

கேள்வி (பட்டர்வொர்த்): என் எலெக்ட்ரோடில் சிக்னலே இல்லை.

பதில்: தேய்த்தீர்களா? முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி (பினாங்கு, முதுகலை): சீரத்தில் டோபமைன் சேர்த்து 0.1 மைக்ரோமோலார் வரை பிடித்தோம், சேர்த்ததில் திரும்பக் கிடைத்தது (மீட்பு) 98 விழுக்காடு. நோயாளி இரத்தத்திலேயே அளக்கலாம்தானே?

பதில்: முடியாது. பிளாஸ்மாவில் தனி டோபமைன் சாதாரணமாக 1 நானோமோலாருக்கும் கீழே. உங்கள் எல்லை 100 நானோமோலார், அதற்கு நூறு மடங்கு மேலே நிற்கிறது. அந்த 98, உண்டியலில் நீங்களே போட்ட காசை எண்ணிப் பார்த்த கணக்கு.

அவரே: எல்லாக் கட்டுரையிலும் இப்படித்தானே செய்கிறார்கள்?

பதில்: செய்யட்டும். டோபமைன் சேர்க்காத சீரத்தில் என்ன வந்தது?

அவரே: சின்னதாக ஒரு உச்சி இருந்தது.

பதில்: யூரிக் அமிலத்தை அழிக்கும் யூரிகேஸ் நொதியை விட்டுப் பாருங்கள். மறைந்தால் யூரிக் அமிலம். மறையாவிட்டால் அஸ்கார்பேட்டை (வைட்டமின் சி) அழிக்கும் அஸ்கார்பேட் ஆக்சிடேஸ் விடுங்கள்.

இடையில் ஒருவர் (செராஸ்): எலெக்ட்ரோடில் நாஃபியான் பாலிமர் பூசினால் தீராதா?

பதில்: பாதி தீரும். பிஎச் 7.4-ல் அஸ்கார்பேட்டும் யூரேட்டும் (யூரிக் அமிலத்தின் அயனி) எதிர்மின், நாஃபியானும் எதிர்மின், அதனால் தள்ளிவிடும். நேர்மின் கொண்ட டோபமைனை உள்ளே விடும். தடிமனாகப் பூசினால் அதுவும் தாமதமாகத்தான் வரும். குறுக்கீடு குறையுமே தவிர, இல்லாத டோபமைன் எங்கிருந்து வரும்?

பினாங்கு மாணவர்: அப்போ ஆய்வையே விட்டுடவா?

பதில்: யூரிக் அமிலத்துக்கு மாறுங்கள். அது இரத்தத்தில் நிஜமாகவே இருக்கிறது.

கேள்வி (அம்பாங்): வீட்டு மீட்டரைவிட லேப் குளுக்கோஸ் மட்டும் ஏன் குறைவு?

பதில்: குழாயில் இருக்கும்போதே செல்கள் தின்கின்றன, அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு. சாம்பல் மூடிக் குழாயின் ஃபுளோரைடும் உடனே நிறுத்தாது. ஐஸில் வைத்துச் சீக்கிரம் சுழற்றிப் பிரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (கிள்ளான்): எந்த மீட்டர் நல்ல பிராண்ட்?

பதில்: பிராண்ட் சொல்வதில்லை. மீட்டர் துல்லியத்துக்கான தரம் ஐஎஸ்ஓ 15197:2013 இருக்கிறதா பாருங்கள், அதிலேயே லிட்டருக்கு 5.55 மில்லிமோலுக்கு மேல் 15 விழுக்காடு ஏற்ற இறக்கம் உண்டு. 14-க்கும் 12.5-க்கும் சண்டை போட வேண்டாம்.