மகள் டி.என்.ஏ. நொதி ஆராய்ச்சிக்குப் போகலாமா?

கேள்வி: வாடிப்பட்டியில் தென்னை நார்க் கயிறு திரிக்கும் தொழில் செய்கிறேன். என் மகள் மதுரைக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். டி.என்.ஏ.வில் வேலை செய்யும் நொதிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யப்போவதாகச் சொல்கிறாள். "பத்து வருடம் யார் படிக்க வைப்பது? பி.எட். சேர்த்துவிடு" என்கிறார்கள் உறவினர்கள். எத்தனை ஆண்டு ஆகும், எவ்வளவு செலவாகும், முடிவில் வேலை இருக்கிறதா?

பதில்: ஐயா, பத்து ஆண்டு என்று உறவினர்கள் சொன்ன கணக்கு ஏறக்குறையச் சரிதான். முதுகலை இரண்டு ஆண்டு, முனைவர் பட்டம் ஐந்து அல்லது ஆறு, அதன்பின் வேறோர் ஆய்வகத்தில் முதுமுனைவர் ஆய்வாளராக இரண்டு மூன்று ஆண்டு. ஆனால் இந்தப் பத்தில் நீங்கள் செலவு செய்ய வேண்டியது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குத்தான். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) தகுதி பெற்றால், 2023-இல் உயர்த்தப்பட்ட விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப்படியும் கிடைக்கும். பணம் சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாகும். அதைத் தாங்க வீட்டில் கொஞ்சம் கையிருப்பு வேண்டும். கடன் வாங்க வேண்டாம்.

அவள் எதைப் படிக்க ஆசைப்படுகிறாள் என்பது மற்றவர்களைவிட உங்களுக்கு எளிதாகப் புரியும். டி.என்.ஏ. ஓர் இருபுரிக் கயிறு. முறுக்கிய கயிற்றின் இரண்டு புரிகளை நடுவில் பிடித்துப் பிரித்துப் பாருங்கள். பிரிக்கப் பிரிக்க, முன்னால் இருக்கும் பகுதியில் முறுக்கு ஏறிச் சுருண்டுகொள்ளும். உயிரணு ஒவ்வொரு முறை இரண்டாகப் பெருகும்போதும் டி.என்.ஏ.வுக்கு இந்தச் சிக்கல்தான் வருகிறது. அதைத் தீர்க்கும் நொதிக்கு, அதாவது உயிரணுவில் வேதிவினையை நடத்தும் புரதத்துக்கு, டோபோஐசோமரேஸ் என்று பெயர். புரியை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, வெட்டிய இடத்தைத் தழும்பே இல்லாமல் ஒட்டிவிடுகிறது. நீங்கள் மருந்துக்கடையில் வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை, பாக்டீரியாவிடம் இருக்கும் இந்த வகை நொதியைப் பிடித்துக்கொள்கிறது. வெட்டியதை ஒட்டவிடாமல் செய்கிறது, பாக்டீரியா சாகிறது. புரி வெட்டப்படுவதும் ஒட்டப்படுவதும் அடிப்படையில் வேதிவினைகளே. அதனால் வேதியியல் படித்தவள் இந்தத் துறைக்கு வருவது குறையன்று, பலம்.

செலவைவிட முக்கியமான கேள்வி ஒன்றை நீங்கள் கேட்கவில்லை. ஆய்வக வேலை அவளுக்கு உண்மையிலேயே பிடிக்குமா? பாடப்புத்தகம் பிடிப்பது வேறு, இது வேறு. இதை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது.

ஆய்வகத்தில் மாணவர்கள் செய்யும் ஓர் எளிய சோதனையைச் சொல்கிறேன். டி.என்.ஏ.வின் ஒவ்வொரு புரியும் ஏ, டி, ஜி, சி என்னும் நான்கு வேதி எழுத்துகளின் வரிசை; இரு புரிகளின் எழுத்துகளும் இணை இணையாக நிற்கும். பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா என்னும் வைரஸின் டி.என்.ஏ. 48,502 எழுத்து இணைகள் நீளம். ஈகோஆர்-1 என்ற நொதி ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்று வரும் இடத்தை மட்டும் அறிந்து வெட்டும். லாம்டாவில் அப்படி ஐந்து இடங்கள் உண்டு. 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, அகரோஸ் ஜெல் என்னும் கூழ்ப் பலகையில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டுப் பார்த்தால், துண்டுகள் நீளத்துக்கேற்பப் பிரிந்து பட்டைகளாகத் தெரியும். கயிற்றை ஐந்து இடத்தில் வெட்டினால் ஆறு துண்டு வர வேண்டும். ஆனால் மாணவர்கள் பார்ப்பது பெரும்பாலும் ஐந்து பட்டைகளைத்தான். 5,804, 5,643 இணைகள் கொண்ட இரு துண்டுகள் நெருங்கி ஓடி ஒன்றாகத் தெரியும். மிகச் சிறிய துண்டும் சில நேரம் மங்கிவிடும். லாம்டாவின் இரு முனைகளிலும் 12 எழுத்து நீளத்துக்கு ஒற்றைப் புரி நீட்டிக்கொண்டிருப்பதால், முதல் துண்டும் கடைசியில் வரும் அந்தச் சிறிய துண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. ஜெல்லில் ஏற்றுமுன் 65 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கினால் விடுபடும்.

ஐந்து பட்டைகளை நோட்டில் வரைந்துவிட்டு மதிப்பெண் வாங்குபவர்கள் பலர். "ஆறாவது எங்கே?" என்று கேட்டு மாலை பஸ்ஸைத் தவறவிடுபவர் ஒருவர் இருப்பார். உங்கள் மகள் அந்த ஒருவரா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

பொறுமையும் அங்கேதான் தெரியும். இந்த நொதிகளைப் பாதிக்குப் பாதி கிளிசரால் என்னும் குழம்பான திரவம் கலந்து மைனஸ் 20 டிகிரியில் வைப்பார்கள்; அப்போதும் உறையாது. ஆனால் சோதனைக் கலவையில் கிளிசரால் 5 சதவீதத்தைத் தாண்டினால் ஈகோஆர்-1 வெட்டக் கூடாத இடங்களையும் வெட்டத் தொடங்கும். ஆகவே 20 மைக்ரோலிட்டர் கலவையில் நொதி 2 மைக்ரோலிட்டரைத் தாண்டக் கூடாது. என் ஆய்வுக் காலத்தில் மூன்று வாரம் எதுவுமே வெட்டுப்படவில்லை. நொதி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, நான் தயாரித்த கரைசலில் மக்னீசியம் சேர்க்கவில்லை. அது இல்லாமல் இந்த நொதி வெட்டாது. அந்த மூன்று வாரத்தில் கற்றதை எந்த வகுப்பிலும் நான் கற்கவில்லை.

இத்துறையின் பெரியவர்களுக்கும் இப்படி நடந்திருக்கிறது. டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் பாலிமரேஸ் நொதியை 1956-இல் கண்டறிந்த ஆர்தர் கோர்ன்பெர்க் 1959-இல் நோபல் பரிசு பெற்றார். 1969-இல் ஜான் கெயின்ஸும் பவுலா டி லூசியாவும் ஆயிரக்கணக்கான பாக்டீரியாக் கூட்டங்களைச் சோதித்து, அந்த நொதி ஏறக்குறைய இல்லாத ஒன்றைக் கண்டெடுத்தார்கள். அந்தப் பாக்டீரியா நன்றாகவே பெருகியது! பெருக்கத்துக்கான முதன்மை நொதி வேறொன்றாகத்தான் இருக்க வேண்டும். அதைத் தேடி வெற்றி கண்டவர்களில் ஒருவர் கோர்ன்பெர்க்கின் மகன் தாமஸ். செல்லோ என்னும் தந்தி இசைக்கருவியைப் பயின்றுகொண்டிருந்த அவர், கையில் ஏற்பட்ட பாதிப்பால் ஆய்வகத்துக்கு வந்தவர். தந்தையின் நொதியும் வீணாகவில்லை. பழுது பார்ப்பதும் இடைவெளிகளை நிரப்புவதும் அதன் வேலை என்று தெரிந்தது.

வேலை பற்றி மறைக்காமல் சொல்கிறேன். பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. அரசு நியமனங்கள் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியே அடிப்படைத் தகுதி என்று 2023 ஜூலை முதல் விதி இருக்கிறது. ஆனால் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு முனைவர் பட்டமும் நல்ல கட்டுரைகளும் வேண்டும். பெங்களூரு, ஹைதராபாத் உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களிலும், மரபணுப் பரிசோதனைக் கூடங்களிலும் நொதி கையாளத் தெரிந்தவர்களுக்கு இடம் உண்டு. வெளியூர் போக உங்கள் மனம் ஒப்புமா என்று இப்போதே பேசிவிடுங்கள்.

இனி செய்ய வேண்டியது. நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை தருகின்றன. இரண்டு மாதம் நல்ல ஆய்வகத்தில் இருக்கலாம்; விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அது அமையாவிட்டால் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் இருக்கும் காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறைகளில் கேட்கலாம். பேராசிரியருக்கு எழுதும் கடிதத்தில் மதிப்பெண்ணை மட்டும் அடுக்க வேண்டாம். அவருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் எழுந்த ஒரு கேள்வியை எழுதட்டும். முதுகலைக்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் நுழைவுத் தேர்வு எழுதட்டும். வேதியியல் தாளும் உண்டு, உயிரித் தொழில்நுட்பத் தாளும் உண்டு. அதிகக் கட்டணம் கேட்கும் தனியார் முதுகலையில், ஆய்வகத்தை நேரில் பார்க்காமல் சேர்க்காதீர்கள். அங்கே மாணவர்களே கையால் ஜெல் ஓட்டுகிறார்களா என்று கேளுங்கள்.

பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. முதுகலை முடித்த பிறகும் அதில் சேர முடியும். அந்த முடிவை இந்த ஆண்டே எடுக்க வேண்டியதில்லை.