சோபால உக்காந்து பிசி கேம்: கீபோர்டை எங்க வைக்கறது?

கேள்வி (கோவை வாசகர்): அண்ணா, ஹால்ல இருக்கற 55 இன்ச் டிவில பிசிய கனெக்ட் பண்ணிட்டேன், படம் சும்மா அள்ளுது, ஆனா விளையாடத்தான் முடியல. கீபோர்டு மடியில, மவுஸ் சோபா கைப்பிடி மேல. அரை மணி நேரத்துல தோள்பட்டை கழண்டு விழற மாதிரி வலிக்குது. லேப்போர்டுன்னு ஒண்ணு இருக்காமே, எது வாங்கலாம்?

பதில்: தம்பி, உன் தோள் வலிக்கு அந்த கைப்பிடிதான் காரணமா இருக்கும். இடது கை மடியில கெடக்கு, வலது கை அதுக்கு மேல தூக்கிட்டு நிக்குது, அப்பறம் வலிக்காம என்ன பண்ணும். லேப்போர்டுங்கறது கீபோர்டையும் மவுஸையும் ஒரே மட்டத்துல தொடை மேல வெச்சுக்க ஒரு பலகை, அவ்ளோதான்.

இதை விக்கறதுக்கு கம்பெனிக்காரங்களும் ரொம்ப நாளா மல்லுக்கட்டிப் பாத்துட்டாங்க. அமெரிக்கால ஃபாண்டம்னு ஒரு கேம் கன்சோல் வருது வருதுன்னு பயங்கர பில்டப் குடுத்தாங்க, கன்சோல் கடைசி வரைக்கும் வரவேயில்ல, அதோட வரும்னு சொன்ன லேப்போர்டு மட்டும் 2008-ல தனியா விற்பனைக்கு வந்துச்சு, மாப்பிள்ளை வராம சீர்வரிசைத் தட்டு மட்டும் வந்த கதை. அப்பறம் 2016-ல கோர்சேர் லேப்டாக், ரோக்கட் சோவான்னு லேப்போர்டுங்க வரிசையா வந்துச்சு. லேப்டாக்ல கீபோர்டு தனியா வாங்கி மாட்டணும், அதுவும் கோர்சேரோட கே65, கே70 கீபோர்டுக்குன்னு அளவெடுத்து செஞ்ச பள்ளம். எக்ஸ்பாக்ஸுக்குன்னு ரேசர் விட்ட டரட் லேப்போர்டு வந்தப்ப 250 டாலர். அந்தக் காசுக்கு நான் ஒரு நல்ல மவுஸும் ஒரு எஸ்எஸ்டியும் வாங்கிப்பேன்.

என்னைக் கேட்டா ஆசாரிகிட்ட குடுத்து செஞ்சுக்கோ. முதல்ல அளவு. நம்பர் பேடோட இருக்கற முழு கீபோர்டு சுமார் 44 செ.மீ. நீளம், நம்பர் பேடு இல்லாத டிகேஎல் 36 செ.மீ. பக்கம்தான் வரும், கேம்ல அந்த நம்பர் பேடை எவன் தொடறான், அதனால டிகேஎல்லுக்கு மாறிடு. மவுஸுக்கு 25 செ.மீ.யாவது விடணும், ஓரமெல்லாம் சேத்து பலகை 65 செ.மீ.க்கு வந்து நிக்கும். ஒத்தை சோபாவா இருந்தா ரெண்டு கைப்பிடிக்கும் நடுவுல எவ்ளோ இடம் இருக்குன்னு டேப் வெச்சு அளந்துட்டு ஆர்டர் குடு, நுழையலன்னா பலகை கைப்பிடி மேல ஏறிக்கும், மறுபடி அதே தோள் வலி. 6 எம்எம் ப்ளைவுட் போதும், 9 எம்எம் போட்டா பலகையே ஒரு கிலோ பக்கம் வந்துடும், அதுக்கு மேல கீபோர்டு வேற. அடியில முழுசா ஃபோம் ஒட்டாத, தொடை படற ரெண்டு எடத்துல மட்டும் பட்டையா ஒட்டி காட்டன் துணி போடு, நடுவுல காத்து போகணும், ரெக்ஸின் போட்டேன்னா நம்ம வெயிலுக்கு ஒரு மேட்ச் முடியறதுக்குள்ள வேர்த்து ஒட்டிக்கும். வலது ஓரத்துல மெல்லிசா ஒரு பீடிங் அடிக்க சொல்லு, இல்லன்னா எழுந்து தண்ணி குடிக்கப் போறப்ப மவுஸ் தரையில கெடக்கும். கீபோர்டு நகராம இருக்க வெல்க்ரோ. முக்கியமா, கீபோர்டை பலகைக்கு நடுவுல வைக்காத, இடது ஓரத்தோட ஒட்டி வை, நடுவுல வெச்சா மவுஸ் கை வெளிய தள்ளிப் போயிடும்.

மவுஸ் இடம் கம்மிங்கறதால டிபிஐ, அதாவது மவுஸைக் கொஞ்சம் நகத்துனா கர்சர் எவ்ளோ ஓடணுங்கற செட்டிங், 800 வெச்சிருந்தா 1600 ஆக்கிப் பாரு. கவுன்டர் ஸ்ட்ரைக்ல லோ சென்சிடிவிட்டி வெச்சு முழங்கையோட வீசி விளையாடற ஆளா இருந்தா சாரி தம்பி, உனக்கு டேபிள்தான். சிவிலைசேஷன், ஏஜ் ஆஃப் எம்பையர்ஸ் மாதிரி ஸ்ட்ராடஜி கேமுக்கு இது ராஜ வாழ்க்கை.

கேள்வி (திருச்சி வாசகர்): சார், பலகை ரெடி, வயர்லெஸ் கீபோர்டு மவுஸும் ரெடி. ஆனா சோபால இருந்து ஆடுனா மவுஸ் விட்டு விட்டு ஓடுது. பிசி டிவி ஸ்டாண்டுக்குள்ள இருக்கு.

பதில்: டாங்கிளை, அதான் மவுஸ் சிக்னலை வாங்கற அந்த குட்டி யுஎஸ்பி ரிசீவரை, பிசிக்குப் பின்னாடி யுஎஸ்பி 3 போர்ட்லயோ அதுக்குப் பக்கத்துலயோ சொருகியிருப்பீங்க, சரிங்களா? யுஎஸ்பி 3 வேலை செய்யறப்ப 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கெளப்பும், உங்க மவுஸ் பேசறதும் அதே அலைவரிசைலதான், இன்டெல்லே 2012-ல இதைப் பத்தி எழுதி வெளியிட்டாங்க. பத்தாததுக்கு நடுவுல பிசி கேபினட் இரும்பு வேற. ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி டாங்கிளை வெளிய எடுத்து சோபாவைப் பாத்த மாதிரி வைங்க, அநேகமா அதுலயே சரியாகிடும். வயர்டுதான் வேணும்னா சாதா யுஎஸ்பி 2 கேபிளுக்கு 5 மீட்டர்தான் கணக்கு, அதுக்கு மேல போனா சிக்னலை நடுவுல தூக்கி விடற ஆக்டிவ் எக்ஸ்டென்ஷன்னு கேட்டு வாங்குங்க, பலகைல ஒரு குட்டி ஹப்பை ஒட்டிட்டா ஒத்தை வயர்தான் வரும், அதையும் நடக்கற எடத்துல விடாம சுவரோரமா கொண்டு வாங்க.

விட்டு விட்டு ஓடாம எப்பவுமே ஒரே மாதிரி லேட்டா வருதுன்னா அது மவுஸ் தப்பு இல்ல, டிவி செட்டிங்ஸ்ல கேம் மோட் ஆன் பண்ணுங்க. எழுத்து மங்கலா தெரிஞ்சா அந்த எச்டிஎம்ஐ இன்புட்டுக்கு பிசின்னு பேர் மாத்திப் பாருங்க, நெறைய டிவில பளிச்சுன்னு ஆயிடும்.

கேள்வி (மதுரை வாசகி): கட்டில்ல வெச்சு லேப்டாப் பாக்கற மடக்கு டேபிள் வீட்ல சும்மா கெடக்கு. அது பத்தாதா?

பதில்: சோபாவுக்கு வேணாம்மா, கால் சோபா குஷன்ல புதைஞ்சு ஆடும், உயரமும் ஜாஸ்தி. தரையில சம்மணம் போட்டு உக்காருவீங்கன்னா அது அருமையா இருக்கும், முதுகுக்குப் பின்னாடி சோபாவையே சாய்மானமா வெச்சுக்கோங்க. அகலம் மட்டும் அளந்துக்கோங்க, அந்த டேபிள்ல நெறைய 60 செ.மீ.தான் இருக்கும், சின்ன கீபோர்டா இருந்தாதான் மவுஸுக்கு இடம் மிஞ்சும்.