25 வருடம் ஓடிய ராட்டினத்தைப் புதுப்பிக்கலாமா, கழித்துவிட வேண்டுமா? எப்படி முடிவெடுக்கிறார்கள்?

கேள்வி: கேளிக்கைப் பூங்காக்களில் பழைய ரோலர் கோஸ்டர், சுழல் ராட்டினம் போன்றவற்றில் எதைப் புதுப்பிப்பது, எதைப் பிரித்துப் போடுவது என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? புதுப்பிப்பு என்றால் பெயின்ட் அடிப்பதைத் தாண்டி உள்ளே என்னதான் நடக்கிறது?

பதில்:

பெயின்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், அது கடைசி வாரத்து வேலை. முதலில் பெயின்ட் அடிக்கும் பூங்காவில் விரிசலை மூடிவிட்டு அப்புறம் விரிசலைத் தேடுவார்கள்.

ராட்டினத்தின் வயதை வருடத்தில் சொல்வதே பாதித் தகவல்தான். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை சுற்று சுற்றியது என்பதுதான் கணக்கு. திரும்பத் திரும்பச் சுமை வாங்கி இரும்பு பலவீனமாகி விரிசல் விடுவதைத்தான் களைப்பு என்கிறார்கள். ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் எஃப்2291 வடிவமைப்புத் தரம் களைப்புக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் அளவுகோல் 35,000 இயக்க மணி நேரம். நாளுக்கு 8 மணி, வருடத்துக்கு 250 நாள் என்றால் 2,000 மணி நேரம். பதினேழரை வருடத்தில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். பதினெட்டாம் வருடம் உடைந்து விழும் என்று இதற்குப் பொருளில்லை. அதற்கு மேல் ஓட்ட வேண்டுமானால், தகுதியுள்ள பொறியாளர் ஒருவர் கணக்கைத் திரும்பப் போட்டு, எந்தெந்த இடத்தை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் பொருள்.

சுற்றுக் கணக்கையும் பாருங்கள். மணிக்கு 20 சுற்று ஓடினால் வருடத்துக்கு 40,000, இருபத்தைந்து வருடத்தில் 10 லட்சம். ஒரு சுற்றில் ஐந்து இடங்களில் சக்கர அச்சு முழுச் சுமை வாங்குகிறது என்றால் 50 லட்சம் தடவை வளைந்து நிமிர்ந்திருக்கிறது. இரும்பு களைத்துப்போவது இந்த மாதிரி எண்ணிக்கையில்தான். அதனால் வாங்கும்போதே மணி நேர மீட்டர், சுற்று எண்ணி இரண்டும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இல்லையென்றால் டிக்கெட் கணக்கிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டிவரும், அப்போது எப்போதும் கூடுதல் பக்கமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

முடிவெடுப்பதில் என் கருத்து எளியது. சக்கரம், பேரிங், சங்கிலி, ஹைட்ராலிக் ஹோஸ், பிரேக் பட்டை எல்லாம் தேய்ந்து மாற்றுவதற்கென்றே செய்யப்பட்டவை. அவை எவ்வளவு மோசமாக இருந்தாலும் ராட்டினத்தைக் கழிக்கக் காரணமாகாது. அடித்தளம், பிரதானத் தூண், மூடிய குழல் பீம் ஆகியவை கெட்டிருந்தால் மேலே என்ன பளபளப்பு செய்தாலும் வீண். எனவே முதல் காசை உள்ளே எட்டிப் பார்க்கும் சோதனையில் போடுங்கள். உதிரிப் பாகம் வாங்குவது அதற்குப் பிறகு.

எட்டிப் பார்ப்பது ஏன் முக்கியம் என்பதற்கு 2017 ஜூலையில் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பொருட்காட்சியில் நடந்ததே போதும். ஃபயர் பால் என்ற ஊசல் ராட்டினத்தின் ஒரு இருக்கை வரிசை, ஓடும்போதே பிய்ந்து விழுந்து ஒருவர் இறந்தார். ராட்டினத்துக்கு வயது 18. திறப்பதற்கு முன் பரிசோதனைகளில் தேறியிருந்தது. தயாரிப்பாளர் பின்னர் சொன்ன காரணம்: இருக்கையைத் தாங்கும் பீமின் உள்பக்கத்தில் அளவுக்கு மீறித் துருப்பிடித்துச் சுவர் தடிமன் குறைந்துவிட்டது. உள்பக்கத் துரு வெளியிலிருந்து பார்த்தால் எளிதில் தெரியாது.

குழல் பீமில் தண்ணீர் எப்படிப் போகும் என்று கேட்கலாம். போல்ட் துளை வழியாகவும், முழுமையாக மூடாத வெல்டிங் வழியாகவும் போகும். பகல் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, இரவில் சுருங்கும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அடியில் வடிதுளை இருந்தாலும் பெயின்டோ கிரீஸோ குப்பையோ அடைத்திருக்கும். இதற்கு அல்ட்ராசோனிக் கருவியால், அதாவது ஒலியலையை அனுப்பி அதன் எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து, தடிமன் அளக்க வேண்டும். பீமின் மிகத் தாழ்ந்த இடத்தில் 5 செ.மீ. கட்டம் போட்டு, ஒவ்வொரு புள்ளியாக அளந்து வரைபடத்தில் எழுத வேண்டும். நாலு இடத்தில் அளந்துவிட்டு 'சரி' என்று எழுதுவது ஏமாற்று வேலை, துரு ஒரே இடத்தில்தான் குழி பறித்திருக்கும். பெயின்ட் மேலேயே அளப்பதாக இருந்தால், எதிரொலிக்கும் எதிரொலிக்கும் இடைப்பட்ட நேரத்தை எடுக்கும் முறையில் கருவியை வைக்க வேண்டும். சாதாரண முறையில் பெயின்டின் கனமும் இரும்பாகக் கணக்கில் சேர்ந்துவிடும். சந்தேகம் வந்தால் வடிதுளை வழியாக எண்டோஸ்கோப் விட்டுப் பார்க்கலாம்.

மெலிந்த இடம் கண்டுபிடித்ததும் மேலே ஒரு தகடு வைத்து வெல்டிங் அடிப்பவர்கள் உண்டு. அதைச் செய்யவே கூடாது. ஒட்டுத் தகட்டின் ஓரம் புதிய அழுத்தப் புள்ளியாகி, விரிசல் அங்கிருந்தே கிளம்பும். தகட்டுக்கும் பீமுக்கும் நடுவில் ஈரம் வேறு தங்கும். கெட்ட பகுதியை அறுத்தெடுத்து, அதே தரமுள்ள இரும்பை, தயாரிப்பாளரின் வரைபடப்படி முழு ஊடுருவல் (மொத்தத் தடிமனுக்கும் இறங்கும்) வெல்டிங்கால் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பீமையே மாற்ற வேண்டும்.

அடுத்தது அச்சு. 2007 மே மாதம் ஜப்பானின் எக்ஸ்போலாண்டில் நின்றுகொண்டே போகும் கோஸ்டர் ஒன்றின் சக்கர அச்சு களைத்து முறிந்து ஒருவர் இறந்தார். 1992இல் வந்த அந்த ரயிலின் அச்சு 15 வருடமாக மாற்றப்படவே இல்லை. அச்சில் விரிசல் நடுவில் வருவது அரிது. விட்டம் மாறும் தோள், சாவிக் காடி (பூட்டுச் சாவித் துண்டு உட்காரும் பள்ளம்), மரை தொடங்கும் இடம், பேரிங் இறுகி உட்காரும் இடம் ஆகிய நாலில்தான் பெரும்பாலும் வரும். கடைசியாகச் சொன்னது பேரிங்கைக் கழற்றினால் ஒழியத் தெரியாது. மாட்டிய நிலையிலேயே துடைத்துப் பார்த்துவிட்டு 'அச்சு நன்று' என்று எழுதிய அறிக்கையை நம்பாதீர்கள்.

செய்ய வேண்டிய முறை இது. சக்கரத்தையும் பேரிங்கையும் கழற்றி, கிரீஸை முழுக்கக் கரைத்து, பெயின்டை ரசாயன நீக்கியால் எடுக்க வேண்டும். கம்பி பிரஷ்ஷாலோ மணல் அடித்தோ எடுத்தால் மேற்பரப்பு நசுங்கி விரிசலின் வாய் மூடிக்கொள்ளும். பிறகு அச்சைக் காந்தமாக்கி, ஒளிரும் துகள் கலந்த திரவத்தைத் தெளித்து, இருட்டில் புற ஊதா விளக்கில் பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் பச்சைமஞ்சள் கோடாக மின்னும். காந்தத்தை நீளவாட்டில் ஒருமுறை, சுற்றுவாட்டில் ஒருமுறை என இரண்டு திசையிலும் கொடுக்க வேண்டும். ஒரே திசையில் கொடுத்தால் அதற்கு இணையாக ஓடும் விரிசல் கண்ணில் படாது. முடிந்ததும் காந்தத்தை நீக்க மறந்தால், தேய்மானத் துகள்களை எல்லாம் அச்சே இழுத்துப் பேரிங்குக்குள் சேர்த்துவிடும். காந்தம் பிடிக்காத ஸ்டெயின்லெஸ், அலுமினியப் பாகங்களுக்குச் சாயம் ஊறவைக்கும் முறை.

விரிசல் தெரிந்த அச்சைத் தேய்த்துச் சரிசெய்யக் கூடாது, கழித்துவிட வேண்டும். கழித்ததை ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் போடுங்கள், இல்லையென்றால் எப்படியாவது ஸ்பேர் அலமாரிக்குத் திரும்பி வந்துவிடும்.

சுழலும் ராட்டினங்களில் பெரிய செலவு வைப்பது, சுழலும் பகுதி முழுவதையும் தாங்கும் பெரிய வளையமான சுழல் வளைய பேரிங். ஒரு பக்கம் ஜாக்கியால் தூக்கி, டயல் கேஜ் வைத்து நாலு திசையிலும் ஆட்டம் அளக்க வேண்டும். புதிதாகப் பூட்டிய அன்று எடுத்த அளவு கையில் இருந்தால்தான் தேய்மானம் தெரியும். கிரீஸ் மாதிரியில் இரும்புத் துகள் ஏறிக்கொண்டே போனால் முடிவு நெருங்கிவிட்டது. மாற்றும்போது நடக்கும் தவறு ஒன்று: வளையத்தின் ஓடுபாதையைக் கடினப்படுத்தும்போது தொடக்கமும் முடிவும் சேரும் இடத்தில் சிறு மென்மையான பகுதி விட்டுப்போகும். அந்த இடத்தைத் தயாரிப்பாளர் குறியிட்டே தருவார். அதிகச் சுமை விழும் திசைக்கு அது 90 டிகிரி தள்ளி உட்கார வேண்டும். குறியைக் கவனிக்காமல் பூட்டினால் புது பேரிங் சீக்கிரமே கரகரக்கும். 10.9 தர (உயர் வலிமை) போல்ட்டுகள் எல்லாம் புதியவையாக, எதிரெதிராக, மூன்று கட்டமாக முறுக்கப்பட வேண்டும். சோதனை ஓட்டம் முடிந்ததும் இன்னொரு முறை முறுக்கம் பார்க்க வேண்டும்.

மர ரோலர் கோஸ்டர் வேறு ஜாதி. அது ஒரே நாளில் பழசாவதில்லை, எப்போதும் துண்டு துண்டாகப் புதிதாகிக்கொண்டே இருக்கும். பென்சில்வேனியாவின் லீப்-தி-டிப்ஸ் 1902இல் கட்டியது. 1985இல் மூடி, 1999இல் செப்பனிட்டுத் திரும்ப ஓட்டினார்கள். தண்டவாளம் என்பது பலகைகளை அடுக்கி, மேலே தட்டை இரும்புப் பட்டை அடித்தது. பள்ளத்தின் அடியும் வளைவின் வெளிப்பக்கமும் முதலில் கெடும். பட்டையின் போல்ட் தளர, துளை வழியே தண்ணீர் இறங்கி நடு அடுக்கை அழுக வைக்கும்; மேலிருந்து பார்த்தால் பலகை முழுசாகவே இருக்கும். சுத்தியலால் தட்டினால் சத்தம் பொத்தென்று கேட்கும். மேல் இரண்டு அடுக்கு மட்டும் மாற்றுவதா, மொத்த அடுக்கா என்பதை அப்போது முடிவு செய்வார்கள். ஒரு அடுக்கின் இணைப்புக்கு நேர் கீழே அடுத்த அடுக்கின் இணைப்பு வரவே கூடாது.

அடுக்கு மாற்றி மாற்றி அலுத்துப்போன பூங்காக்களுக்கு இன்னொரு வழி கிடைத்தது. மரச் சட்டத்தை வைத்துக்கொண்டு தண்டவாளத்தை மட்டும் இரும்பாக மாற்றுவது. டெக்ஸாஸ் ஜயன்ட் 1990இல் மரமாக வந்து, 2011இல் ராக்கி மவுன்டன் கன்ஸ்ட்ரக்‌ஷனின் இரும்புத் தண்டவாளத்தோடு திரும்பி வந்தது. ஓஹியோவின் சீடர் பாயின்ட் பூங்காவில் 1991இன் மீன் ஸ்ட்ரீக் இதே வழியில் 2018இல் ஸ்டீல் வென்ஜென்ஸ் ஆனது. பழைய மரம் நன்றாக இருந்தால்தான் இதில் லாபம்.

கன்ட்ரோல் பெட்டியைப் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள். பழைய சீமென்ஸ் எஸ்5, ஆலன்-பிராட்லி பிஎல்சி-5 போன்ற கட்டுப்பாட்டுக் கணினிகள் இப்போது தயாரிப்பில் இல்லை. பிஎல்சி-5 2017இல் நின்றது. பழைய சந்தையில் கார்டு வாங்கி ஓட்டலாம், ஆனால் அது நாள் கடத்துவதுதான். புதியதுக்கு மாறும்போது பழைய புரோகிராமை வரிக்கு வரி பெயர்த்து எழுதினால் இருபது வருட ஒட்டுவேலையும் சேர்ந்து வரும். எந்தக் கோளாறுக்கு ராட்டினம் என்ன செய்ய வேண்டும் என்ற அட்டவணையை முதலில் எழுதி, அதிலிருந்து புதிதாக எழுதுவதே சரி. பிறகு ஒவ்வொரு சென்சாரையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, கம்பியை அறுத்து, ஷார்ட் செய்து, ராட்டினம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நூறு சென்சார் என்றால் முந்நூறு சோதனை. சலிப்பான வேலைதான்.

புது ரயில் பெட்டி வாங்கிப் பழைய தண்டவாளத்தில் ஓட்ட ஆசைப்படுபவர்கள் முதலில் எடையைக் கேளுங்கள். இன்றைய இடுப்புத் தடுப்பு, பூட்டு சிலிண்டர் எல்லாம் சேர்ந்து பெட்டி கனத்திருந்தால், தண்டவாளமும் தூணும் அடித்தளமும் திரும்பக் கணக்கிடப்பட வேண்டும்.

மொத்தமாக மாற்றுவதிலும் ரகம் உண்டு. யூனிவர்சலின் ஹல்க் கோஸ்டர் (1999) 2015 செப்டம்பரில் மூடி 2016 ஆகஸ்டில் திறந்தபோது தண்டவாளம், ரயில் இரண்டும் புதியவை, பாதையின் வடிவம் பழையது. ஹைட்ராலிக் விஞ்சும் கம்பிவடமும் இழுத்து எறியும் இரண்டு உயரக் கோஸ்டர்களுக்கு வேறு வேறு முடிவு வந்தது. 420 அடி டாப் த்ரில் டிராக்ஸ்டரில் (2003) அந்த முறையையே எடுத்துவிட்டுக் காந்த மோட்டார் வைத்து 2024 மேயில் திறந்தார்கள். பெட்டிகளைத் திருத்த வேண்டியிருந்ததால் சில நாளிலேயே மூடி, 2025இல்தான் திரும்ப ஓட்டினார்கள். 456 அடி கிங்டா கா (2005) 2025 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. உலகச் சாதனை உயரம் என்பது பராமரிப்பு மேசையில் ஒரு வாதமே இல்லை.

கடைசியாகச் சோதனை ஓட்டம். பலர் எதிர்பார்க்காதது: புதுப்பித்த ராட்டினம் முன்பைவிட வேகமாக ஓடும். புது பேரிங், நேரான தண்டவாளம் என்றால் உராய்வு குறைவு. பழைய வேகத்துக்கு வைத்த பிரேக் போதாமல் ரயில் அடுத்த பிளாக்குக்குள் (ஒரு நேரத்தில் ஒரே ரயில் இருக்க வேண்டிய பாதைப் பகுதிக்குள்) நுழையலாம். இதற்கு நேர்மாறாக, குளிர்ந்த காலையில் புது பாலியூரித்தேன் சக்கரம் விறைத்திருக்க, காலி ரயில் மேட்டைத் தாண்டாமல் பள்ளத்தில் நின்றுவிடுவதும் உண்டு. அதனால் காலி, பாதிச் சுமை, ஒரு பக்கச் சுமை, முழுச் சுமை என்று தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை வைத்து, அதிகாலையிலும் உச்சி வெயிலிலும் ஓட்டி, முடுக்கமானியின் அளவை வடிவமைப்பு எண்ணோடு ஒப்பிடுகிறார்கள். மின்சாரத்தை நடுவில் நிறுத்தியும் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் முடிந்து, தளர்ந்தால் விலகித் தெரியும்படி முறுக்கம் சரிபார்த்த போல்ட்டிலும் நட்டிலும் சேர்த்து ஒரே கோடு இழுத்த பிறகு பெயின்டுக்கு வரலாம். வெல்டிங் சந்திப்புகளுக்கு வெளிர் நிறம் கேளுங்கள். கறுப்பு அழகாக இருக்கும் என்று அலங்காரக் குழு சொல்லும், ஆனால் விரிசல் விட்ட இடத்திலிருந்து வழியும் துருக் கோடு வெள்ளையில்தான் காலைச் சோதனைக்காரர் கண்ணில் படும்.